கடகத்திலிருந்து இலைக்கு: வன்னிச் சந்தையில் ஒரு காலைச் சாப்பாடு

இலங்கையின் வடக்கே, வன்னியிலுள்ள கிளிநொச்சிச் சந்தையடிக்கு முதன்முதலாகக் காலைச் சாப்பாட்டுக்கென்றே நான் போனபோது மணி ஒன்பதரை. சந்தைக்குப் பக்கத்தில் தன் வளவிலேயே கொட்டில் போட்டு, சனிக்கிழமை காலையில் மட்டும் அடுப்பு மூட்டும் சமையற்காரர் ஒருவர் இருக்கிறார். கொழும்பில் ஹோட்டல் சமையலறைகளில் பல வருடங்கள் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர். அண்ணை என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். நான் போய் அமர்ந்ததும், வீட்டிலிருந்தே நினைத்துக்கொண்டு போனதைக் கேட்டேன்: சிவப்பரிசிப் பிட்டு, முசுட்டைக் கீரை வறை, எருமைத்தயிர்.

"தம்பி, முசுட்டை இன்றைக்குச் சந்தைக்கு வரவில்லை. தயிர் ஏழு மணிக்கே முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை இருட்டோடு வாரும். நான் சந்தைக்குப் போகும்போது என்னோடு நடந்து வாரும். அதற்குப் பிறகு என்ன சாப்பிடலாம் என்று பேசுவோம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் போய்விட்டன. அவரோடு நடந்தபோது ஒன்றை விளங்கிக்கொண்டேன். வன்னியில் காலைச் சாப்பாட்டை முதலில் தீர்மானிப்பது மழை, அடுத்தது குளம். சமையற்காரரின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. சாப்பிடப் போகிறவரும் அந்த வரிசையிலேயே போனால் நல்ல சாப்பாடு கிடைக்கும். போகும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

1. மாதத்தைப் பார்த்துப் புறப்படுங்கள்

நெல்லில் காலபோகம் மழையை நம்பி விதைப்பது, சிறுபோகம் குளத்தை நம்பி விதைப்பது. கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீர் இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து, சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று விவசாயிகளும் அதிகாரிகளும் கூட்டம் கூடித் தீர்மானிப்பார்கள். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் என்று ஒவ்வொரு குளத்தின் கீழும் இதே கணக்குத்தான். உங்கள் இலையில் விழும் பிட்டின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

தையிலிருந்து பங்குனி வரை வருவது என் கணிப்பில் மிகச் சிறந்த காலம். காலபோக அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வருகிறது. தைப்பூசத்தன்று புதிர் எடுத்து, அதாவது முதற்கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து, புது அரிசியில் பொங்கி உண்ட வீடுகள் அதன் பிறகு மிச்ச நெல்லைக் குற்றத் தொடங்கும். வவுனியாப் பக்கத்து மேட்டுநிலங்களில் மாரியில் விதைத்த உழுந்தும் பயறும் புதிதாக வந்திருக்கும். மழை பெய்து ஓய்ந்த ஈரத்தில் வேலிகளிலும் பற்றைகளிலும் இலைவகை செழித்து நிற்கும். பனங்கிழங்கும் இந்தக் காலத்தில்தான் கட்டுக் கட்டாக வரும்.

வைகாசிக்குப் பிறகு காடு தன் பங்கைத் தரும். பாலைப்பழம், வீரப்பழம், பிறகு நாவற்பழம். பாலைப்பழத்தைச் சந்தையில் காணாவிட்டாலும் வீதியோரம் சுண்டு என்ற அளவைக் குவளையில் அளந்து விற்பதைக் காண்பீர்கள். சாப்பிட்டால் உதடு பிசுபிசுவென்று ஒட்டும். விரலில் ஒரு துளி நல்லெண்ணெய் தொட்டுத் தடவினால் போய்விடும். காட்டுத் தேனும் இந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும். ஆடி பிறந்தால் கூழும் கொழுக்கட்டையும். அதையடுத்துப் பனம்பழம் விழத் தொடங்க, பனங்காய்ப் பணியாரம் மணக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் சந்தை மெலிந்துதான் இருக்கும். மழை நாளில் தோட்டத்துக்குள் இறங்கிப் பிடுங்குவது கடினம். ஆனால் காளான் முளைப்பதும் அந்த மழைக்குத்தான். பழக்கமானவர் பிடுங்கி வந்ததென்றால் மட்டும் வாங்குங்கள்; தெரியாத காளானை எவர் கையிலிருந்தும் வாங்கவேண்டாம்.

2. இருட்டோடு போங்கள்

ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். வெறும் தேநீர் ஒன்று குடித்திருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். கையில் ஒரு கடகம் (பனையோலைக் கூடை), மீன் வாங்குவதென்றால் ஓலை உமல் (பை) ஒன்று, சில்லறைக் காசு. கீரை விற்கும் அம்மாவிடம் காலை முதல் வியாபாரத்துக்கே ஆயிரம் ரூபாய்த் தாளை நீட்டுவது அவரை வருத்துவது.

3. முதற்சுற்றில் வாங்காதீர்கள்

இதில் அண்ணை மிகக் கண்டிப்பானவர். முதற்சுற்று பார்ப்பதற்கும் மணப்பதற்கும் மட்டும். எது நிறைய வந்திருக்கிறது, எது கொஞ்சமாக வந்திருக்கிறது என்று பாருங்கள். நிறைய வந்திருப்பது அந்த வாரத்தின் விளைச்சல். அதிலேதான் சுவை உச்சத்தில் இருக்கும். ஒருவர் மட்டும் ஒரு சிறு சாக்கை விரித்து மூன்று கட்டு இலையும் நான்கு தேசிக்காயும் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தால், அது அநேகமாக அவருடைய வளவிலேயே விளைந்தது. அவரை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்த கரட்டும் கோவாவும் அடுக்கடுக்காக அழகாகத்தான் இருக்கும். இந்தக் காலைக்கு அவை வேண்டாம்.

4. கேட்டு வாங்குங்கள்

விலையைக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி: "அம்மா, இது எந்தக் குளத்துத் தண்ணீரில் விளைந்தது?" கிணற்றுத் தண்ணீர் இறைத்ததென்றால் அதையும் சொல்வார்கள். இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு முகம் மலராத விவசாயியை நான் இதுவரை கண்டதில்லை. தோட்டம் எங்கே, எப்போது நட்டது, போன மழைக்கு எவ்வளவு அழிந்தது என்று எல்லாம் வந்துவிடும். பொருளைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியதும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

மருந்து அடித்ததா என்று விசாரிப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்து, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தளர்த்தினார்கள். அந்த மாதங்களில் மஞ்சளித்த வயலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள்தான் இந்தச் சாக்குகளின் பின்னால் அமர்ந்திருக்கிறார்கள். குற்றம் விசாரிப்பது போலக் கேட்டால் காயப்படுவார்கள். "அடித்து எத்தனை நாள் கழித்துப் பிடுங்கினீர்கள்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பின் அறுவடைக்கு விடவேண்டிய இடைவெளி உண்டு. அதைத் தெரிந்து சொல்கிறவரிடம் நம்பி வாங்கலாம்.

மா. பிட்டுக்கு மொட்டைக்கறுப்பன் என்ற நெல்லின் பச்சையரிசி மா கிடைத்தால் வேறெதையும் தேடவேண்டாம். வறுத்த மாவா என்று கேளுங்கள், பிறகு ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பாருங்கள். பழைய மா நாக்கில் கசக்கும். கோதுமை மா கலந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருகிறது. பாதிக்குப் பாதி கலந்து அவித்த பிட்டு மெதுவாக இருக்கும், வீட்டில் நானும் உண்கிறேன். ஆனால் வயற்கரையில் நின்றுகொண்டு அதை உண்பது மனத்துக்கு ஒப்பவில்லை.

இலைவகை. முசுட்டை, குறிஞ்சா, முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை. முசுட்டையின் அடிப்பக்கம் வெள்ளிபோல மினுங்கும், தடவினால் பட்டு மாதிரி இருக்கும். அந்த மினுக்கம் மங்கியிருந்தால் நேற்றுப் பிடுங்கியது. குறிஞ்சா கசக்கும், ஆனால் தேங்காய்ப்பூவோடு (துருவிய தேங்காயோடு) சேரும்போது அந்தக் கசப்பு அடங்கி வேறொன்றாகிவிடும். முருங்கையிலையை நான் எப்போதும் ஒரு கட்டு வாங்குவேன். 2010 இல் நாங்கள் முகாமிலிருந்து வளவுக்குத் திரும்பியபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. அம்மா முதலில் நட்டது ஒரு முருங்கைத் தடியும் பத்து மரவள்ளித் தடியும். கூரை போட முன்னமே முருங்கை துளிர்த்துவிட்டது. அந்த இலையில்தான் எங்கள் முதல் வறை.

கீரையில் பேரம் பேசாதீர்கள். பனி ஈரத்தில் குனிந்து பிடுங்கி, கட்டி, சைக்கிளில் கொண்டுவந்த ஒரு கட்டின் விலையில் பத்து ரூபாய் குறைத்து நாம் எதையும் கட்டப்போவதில்லை.

தயிர். முட்டியை மெல்லச் சரித்துப் பாருங்கள். எருமைத்தயிர் அசையக்கூடாது. மண்முட்டி தன் சுவரால் நீரை உறிஞ்சிக்கொள்வதால் அதில் உறைந்த தயிர் இறுகி நிற்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் உறைந்ததற்கு இந்தக் கட்டி வராது. மேலே மெல்லிய மஞ்சள் ஆடை படர்ந்திருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

தேன். தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது, கடதாசியில் ஊற்றிப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டுக் கொளுத்துவது எல்லாம் எதையும் நிரூபிப்பதில்லை. காட்டுத் தேன் இயல்பாகவே சற்று இளகலாக இருப்பதுண்டு. யார் எடுத்தது, எந்தக் காடு, எந்த மாதம் என்று கேளுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிக் காட்டுப் பக்கத்தவர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒருமுறை அவரிடமே வாங்குவது இதற்கு ஒரே வழி.

மீன், இறால். நந்திக்கடல் களப்பு இறால் கிடைத்த நாளில் மற்றத் திட்டங்களை எல்லாம் மாற்றிவிடலாம். கிடைக்காவிட்டால் குளத்து விரால். இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், மரக்கறியே போதும்.

5. கடகத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்

வாங்கியதை சமையற்காரரிடம் கொடுக்கும்போது மூன்றே விடயங்களைச் சொல்ல வேண்டும்: எத்தனை பேர், எது ஒத்துக்கொள்ளாது, உறைப்பு எவ்வளவு. மிச்சத்தை அவரிடம் விடுங்கள். அண்ணை கடகத்தை ஒரு சாக்கில் கொட்டி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சிறிது நேரம் சும்மா நிற்பார். அந்த நேரத்தில்தான் காலைச் சாப்பாடு முடிவாகிறது. ஒருநாள் நான் கத்தரிக்காயைக் காட்டி, "இதைப் பொரித்துக் குழம்பு வைப்போமா?" என்றேன். "இவ்வளவு இளசாக வந்ததை எண்ணெயில் போட்டால் கத்தரிக்காய்க்கு என்ன மரியாதை?" என்று சொல்லிவிட்டுச் சுட்டு, மசித்து, தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சம்பலாக்கினார். ஹோட்டலில் கற்றது என்ன என்று பின்பு கேட்டேன். தீயை அடக்குவதும் நேரத்தைக் கணிப்பதும் அங்கே கற்றவை, சுவையெல்லாம் ஆச்சியிடம் கற்றது என்றார்.

மரவள்ளிக்கிழங்கு வாங்கியிருந்தால் அவிக்கும் பானையை மூடவிடாதீர்கள். திறந்தே அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். கிழங்கிலுள்ள நச்சு ஆவியோடும் தண்ணீரோடும் போய்விடும். மரவள்ளி சாப்பிட்ட அன்று இஞ்சி சேர்க்கக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். அண்ணையும் சேர்ப்பதில்லை.

6. பிட்டு அவிவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்

இதை வீட்டிலும் செய்யலாம், அதனால் முழுமையாகச் சொல்கிறேன்.

சிவப்புப் பச்சையரிசியைக் கழுவி மூன்று நான்கு மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, சுளகில் ஈரம் உலர விட வேண்டும். உரலில் இடித்தாலும் சரி, மில்லில் அரைத்தாலும் சரி, அரித்தெடுத்த பிறகு மெல்லிய தீயில் வறுக்க வேண்டும். ஆவி எழுவது நின்று, மா மணல்போல ஓடத் தொடங்கும். ஒரு சிட்டிகை எடுத்துக் கோலம் போடுவதுபோலக் கோடு இழுங்கள். அறாமல் விழுந்தால் பதம். சிவக்க விட்டால் பிட்டு வறண்டுபோகும்.

இரண்டு சுண்டு மாவுக்கு உப்புக் கரைத்த சுடுதண்ணீர் ஏறக்குறைய ஒரு சுண்டு. அளவை நம்பாமல் கையை நம்புங்கள். புது அரிசி மா குறைவாகக் குடிக்கும், பழைய அரிசி மா கூடக் குடிக்கும். தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். கட்டி கட்டியாகத் திரண்டதும் சுண்டின் விளிம்பால் கொத்துவது. கொத்தக் கொத்தக் கட்டிகள் உடைந்து குறுணியாகும். அண்ணையின் கொட்டிலில் ஐந்து ஐம்பதுக்கெல்லாம் இந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். என் பசி அந்தச் சத்தத்தில்தான் விழிக்கிறது. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். அதன் பிறகு தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டுக் கலக்கலாம்.

குழலில் அவித்தால் பார்வைக்கு அழகு. நான் நீத்துப்பெட்டியின் பக்கம். பனையோலையில் கூம்பாக இழைத்த அந்தப் பெட்டிக்குள் ஆவி எல்லாப் பக்கத்தாலும் நுழைகிறது, கூடவே ஓலையின் மணமும் மாவில் ஏறுகிறது. கொதிக்கும் பானை வாயில் பெட்டியை இருத்தி, மூடி, பத்துப் பதினைந்து நிமிடம். ஆவி மேலால் வந்து, வெந்த மாவின் மணம் பிடித்ததும் இறக்கிவிடலாம்.

அதற்குள் மற்ற அடுப்பில் சொதி. இரண்டாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதற்பாலை ஊற்றித் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். மீண்டும் கொதித்துவிட்டால் திரைந்துபோகும்; நுரை கூடும்போதே இறக்குங்கள். தேசிக்காய்ப் புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். முசுட்டையை நூல்போல அரிந்து, வெங்காயமும் மிளகாயும் வதங்கியதும் போட்டு, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிரட்டி உடனே இறக்கினால் வறை. பச்சை நிறம் மாறினால் அண்ணை அதை இலையில் வைக்கமாட்டார்.

சம்பலுக்குச் செத்தல் மிளகாயை வறுத்து, உப்போடு உரலில் இடித்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து மீண்டும் இடித்து, தேசிக்காய் பிழிய வேண்டும். மிக்சியில் அரைத்தால் தேங்காய் களியாகிவிடும். உரல் இல்லாவிட்டால் அம்மியில் வைத்துத் தட்டுங்கள்.

7. உண்ணும் ஒழுங்கு

வாழையிலையில் பிட்டு வந்ததும் முதலில் வெறும் பிட்டை ஒரு பிடி வாயில் போடுங்கள். எதுவும் சேர்க்காமல். புது அரிசியின் இனிப்பு அப்போதுதான் தெரியும். சொதி ஊற்றிவிட்டால் மறைந்துவிடும். இரண்டாவது பிடி சம்பலோடு, மூன்றாவது வறையோடு. அதன் பிறகு சொதியை ஊற்றிக் குழைக்கலாம். இறால் குழம்போ விரால் குழம்போ இருந்தால் சொதியோடு கலக்காமல் இலையின் மறுபக்கத்தில் வையுங்கள்.

கடைசியில் ஒரு கைப்பிடி பிட்டை மிச்சம் வைத்திருக்க வேண்டும். அதன் மேல் எருமைத்தயிர், பனங்கட்டித் தூள், ஒரு கதலி வாழைப்பழம். தேன் இருந்தால் பனங்கட்டியை விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று அமுக்கும். பிசைந்து உண்ணுங்கள். கரண்டி கேட்டால் அண்ணை தருவார், ஆனால் அவர் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

சாப்பிட்டவுடன் எழும்பிப் போகாதீர்கள். அந்த நேரத்தில் விற்று முடித்த சிலர் கொட்டிலுக்குத் தேநீர் குடிக்க வருவார்கள். உங்கள் இலையில் இருந்த முசுட்டையைப் பிடுங்கியவரே பக்கத்து வாங்குப் பலகையில் அமர்ந்திருக்கக்கூடும். நன்றாக இருந்தது என்று அவரிடமே சொல்லுங்கள். கொட்டிலில் நான் கேட்ட எத்தனையோ பேச்சுகளில், "என் கீரையைச் சாப்பிட்டவர் இவர்தானா?" என்று ஒரு வயதான அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

8. இப்படி ஒரு சமையற்காரர் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால்

விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா போன்ற இடங்களில் இருக்கின்றன. கண்முன்னே நின்று சமைத்துத் தருகிறார்கள். குரக்கன் பிட்டு, உழுந்து வடை, இலைக்கஞ்சி என்று உள்ளூர்த் தானியத்திலும் இலையிலும் செய்தவை அங்கே கிடைக்கும். காலையில் நேரத்தோடு போங்கள். எது இப்போது அடுப்பிலிருந்து இறங்குகிறது என்று கேட்டு அதை வாங்குங்கள். சந்தையில் வாங்கிய தயிரையும் பழத்தையும் வெளியே மரநிழலில் வைத்து உண்டால், மேலே சொன்ன காலையில் முக்கால்வாசி கிடைத்துவிடும்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இலைக்கஞ்சியில் தொடங்குங்கள். பச்சை நிறத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஒரு துண்டு பனங்கட்டியைக் கையில் கொடுத்துக் கடித்துக்கொண்டு குடிக்கச் சொல்லுங்கள். என் அக்காவின் மகள் அப்படித்தான் பழகினாள். இப்போது அவளே கேட்டு வாங்குகிறாள்.

9. திரும்பும்போது

ஏ-9 வீதியால் தெற்கே போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் வண்டியை நிறுத்தாமல் போகமாட்டார்கள். தேங்காய் உடைத்து, கும்பிட்டு, கச்சான் (வேர்க்கடலை) வாங்குவது வழக்கம். சூடாக வறுத்ததையே கேளுங்கள், ஒரு பையைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அடுத்த சனிக்கிழமை வருவதென்றால், கழுவிய தயிர்முட்டியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். தயிர்க்கார அம்மா அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, உங்களுக்கென்று ஒரு முட்டியை ஏழு மணிக்குப் பிறகும் ஒதுக்கி வைத்திருப்பார்.